உழவர் சந்தையில் வருடம் முழுக்க வாங்குகிறவர்கள், வரத்து குறைந்த மாதங்களில் என்ன செய்கிறீர்கள்?

சந்தைப்பை:

வணக்கம். காய், கீரை, பழம் எல்லாவற்றையும் கூடுமானவரை உழவர் சந்தையில், விளைவித்தவர் கையிலிருந்தே வாங்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். விளைச்சல் நன்றாக இருக்கும் மாதங்களில் கவலையே இல்லை, மேசைக்கு மேசை குவிந்து கிடக்கும், எதை எடுப்பது எதை விடுவது என்றுதான் தெரியாது. ஆனால் வெயில் உச்சத்துக்குப் போகும்போதும், மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்யும்போதும் பாதி மேசை காலி. இருக்கிற காயும் ஒன்று முற்றல், இல்லாவிட்டால் அழுகல். அந்த நேரம் பார்த்து சூப்பர் மார்க்கெட் பக்கம் ஒதுங்குகிறோம், அப்புறம் அதுவே பழகிப்போய் சந்தைக்குத் திரும்ப வெகுநாள் ஆகிவிடுகிறது. இதை மாற்ற வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும்போது அள்ளிக்கொண்டு வந்தால் வாரக் கடைசிக்குள் பாதி வீணாகிறது, அது இன்னொரு பிரச்சினை. எதை எப்படி வைப்பது என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இதோடு சேர்த்து ஒரு சந்தேகம்: மேசைக்குப் பின்னால் நிற்பவர் நிஜமாகவே விவசாயிதானா, மொத்தச் சந்தையில் வாங்கி வந்து விற்பவரா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? வருடக்கணக்கில் சந்தையில் வாங்குபவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

---

விதைக்கூடை:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவன், விளைவித்துக் கொண்டுவந்து விற்பவன். முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக வரும்.

இன்று மேசையில் இருப்பது இன்றைய வானிலையின் விளைச்சல் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் முன்னால் வயலில் என்ன நடந்ததோ அதுதான் இப்போது வருகிறது. தக்காளியைப் பாருங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் சில நாட்கள் தொடர்ந்தால் மகரந்தம் வலுவிழந்து பூவெல்லாம் கொட்டிவிடும். அந்த வாரம் சந்தையில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, ஏற்கெனவே பிடித்த காய் வந்துகொண்டுதான் இருக்கும். பூவிலிருந்து பழம் பழுக்க 6 முதல் 8 வாரம் ஆகும். அதனால் வெயில் தணிந்து எல்லாரும் பெருமூச்சு விடுகிற நேரத்தில்தான் தக்காளி காணாமல் போகும், "இப்போதுதான் வெயில் இல்லையே, ஏன் விலை ஏறுகிறது" என்று எங்களிடம் கேட்பார்கள். கடும் வெயில் அடிக்கும்போதே இதைக் கணக்குப் போட்டு, அப்போது கிடைக்கிற தக்காளியில் கொஞ்சம் சேர்த்து வாங்கிப் பதப்படுத்தி வைப்பவருக்கு அந்தப் பஞ்சம் தெரியாது.

மழையும் அப்படித்தான். பெருமழை பெய்து பாத்தியெல்லாம் நாசமானால் முதலில் திரும்பி வருவது கீரை, தண்டுக்கீரை விதைத்து 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். சீக்கிரம் விளையும் முள்ளங்கி வகைகளும் ஏறக்குறைய அதே கணக்கு. வெண்டை காய்க்கத் தொடங்க ஒன்றரை மாதம், செடி பீன்ஸ் 50 முதல் 60 நாள், பூசணிக்கு மூன்று நான்கு மாதம். ஆக, மழை விட்ட ஒரு மாதத்தில் வந்து "பீன்ஸ் ஏன் இல்லை" என்றால் எங்களிடம் பதில் இல்லை. "கீரை வந்துவிட்டதா" என்று கேளுங்கள், நிச்சயம் இருக்கும்.

நீண்ட வறட்சிக்குப் பிறகு திடீரென்று மழை பெய்தால் தக்காளி உள்ளே வேகமாகத் தண்ணீரை இழுக்கும், தோல் அந்த வேகத்துக்கு விரியாமல் காம்பைச் சுற்றி வெடித்துவிடும். வெடித்த பழத்தை யாரும் தொடுவதில்லை, நாங்களும் தனிக்கூடையில் போட்டுக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவோம். வெடிப்பு புதிதாக, பூஞ்சை இல்லாமல் இருந்தால் அன்றைக்கே சமைத்துவிடலாம், ருசியில் குறை இருக்காது. வரத்து குறைந்த காலத்தில் சந்தையில் வாங்குவது என்றால் இப்படிப்பட்டதைப் பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுதி வைத்த பட்டியலோடு வராதீர்கள். வந்து பார்த்துவிட்டு, அப்புறம் என்ன சமைப்பது என்று முடிவு செய்யுங்கள். எங்களிடம் வருடம் முழுக்க விடாமல் வாங்குகிற எல்லாரும் அப்படி வாங்குபவர்கள்தான்.

---

பச்சைமிளகாய்:

விதைக்கூடை சொன்னதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். நான் வீணாவது பற்றி எழுதுகிறேன், அதில் எனக்கு ஆர்வம் அதிகம்.

பறித்த காயும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும், தன்னிடம் இருக்கிற சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கும். பச்சைப் பட்டாணி, சோளக்கதிர், பீன்ஸ், கீரை இதெல்லாம் மிக வேகமாக மூச்சு விடும் கூட்டம். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி மெதுவாக விடும். சோளக்கதிரைப் பறித்த நிமிடத்திலிருந்தே சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது, சூட்டில் இன்னும் வேகமாக. அதனால் கதிரும் பட்டாணியும் வாங்கினால் அன்று இரவே அல்லது மறுநாள் சாப்பிட்டுவிட வேண்டும். வாரக் கடைசிக்கு முட்டைக்கோஸ், கேரட், பூசணியை ஒதுக்கி வையுங்கள். வாங்குகிற அளவை விட, எதை முதலில் சாப்பிடுகிறீர்கள் என்ற வரிசைதான் முக்கியம்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கி இலையோடு கிடைத்தால் ரொம்ப நல்லது, இலையின் நிறத்தைப் பார்த்தே எப்போது பிடுங்கியது என்று தெரிந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டிவிடுங்கள், விட்டால் கிழங்கிலிருக்கும் ஈரத்தையெல்லாம் இலை உறிஞ்சி இரண்டே நாளில் கேரட் ரப்பர் போல வளையும். பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை இரண்டும் பொரியலுக்கு ஆகும். கீரையைக் கழுவி வைக்காதீர்கள். வேரை வெட்டி, அழுகின இலையை மட்டும் கிள்ளிவிட்டு, காய்ந்த துணியில் சுற்றி உள்ளே வையுங்கள், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம்.

கத்தரி, வெண்டை, வெள்ளரி மூன்றுக்கும் அதிகக் குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே நான்கைந்து நாள் இருந்தால் தோலில் குழி குழியாக விழும், வெளியே எடுத்ததும் சீக்கிரம் அழுகும். ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் குளிர் குறைவான கதவுப் பக்கம் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

அடுத்தது எத்திலீன், பழங்களைப் பழுக்க வைக்கும் வாயு. 1901-ல் நெல்யூபோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயுவில் இருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றுகளைத் தாறுமாறாக வளர வைக்கிறது என்று கண்டுபிடித்தார். 1934-ல் ரிச்சர்ட் கேன், பழுக்கிற ஆப்பிளே அந்த வாயுவைத் தானாக வெளியிடுகிறது என்று நிரூபித்தார். இது வெறும் வரலாறு இல்லை, உங்கள் சமையலறைக்கு நேராக உதவும் விஷயம். ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி இவற்றோடு கீரையையோ வெள்ளரியையோ புரோக்கோலியையோ ஒரே பையில் போட்டு வைத்தால் அந்த வாயுவிலேயே இலை மஞ்சளாகிவிடும். தனித்தனியாக வையுங்கள். காய்வெட்டான வாழையும் மாம்பழமும் சீக்கிரம் பழுக்க வேண்டும் என்றால் அவற்றோடு ஒரு பழுத்த ஆப்பிளைப் போட்டு மூடி வையுங்கள். ஆனால் ஸ்ட்ராபெரி, திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி எல்லாம் பறித்த பிறகு பழுக்கவே பழுக்காது, நிறம் மாறினாலும் இனிப்பு ஏறாது. சந்தையில் அவற்றைப் புளிப்பாகப் பார்த்தால் "வீட்டில் வைத்தால் சரியாகிவிடும்" என்று நம்பி வாங்காதீர்கள்.

---

சந்தைப்பை:

இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. பூவிலிருந்து பழத்துக்கு ஆகும் அந்த 6 - 8 வாரக் கணக்கு எனக்கு முற்றிலும் புதிது. பச்சைமிளகாய், தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா கூடாதா? மலிவாகக் கிடைக்கும்போது நிறைய வாங்கினால் வெளியே வைக்க இடமும் இல்லை, வைத்தாலும் ஈ மொய்க்கிறது. பாட்டிலில் அடைத்து வைப்பது பாதுகாப்பானதா?

---

பச்சைமிளகாய்:

பழுக்காத தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். நன்றாகப் பழுத்தது என்றால் ஓரிரு நாள் வைக்கலாம், பெரிய பாதிப்பில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள், மணம் தரும் சேர்மங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன, வெளியே எடுத்து ஒரு நாள் வைத்த பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. சர்க்கரையும் புளிப்பும் அப்படியேதான் இருந்தன. நாக்கில் புளிப்பு இனிப்பு தெரிந்தும் "தக்காளி மாதிரியே இல்லை" என்று தோன்றுவது இதனால்தான்.

கிலோ கணக்கில் வாங்கினால் அப்படியே முழுசாக உறைய வைத்துவிடுங்கள். வேக வைக்க வேண்டாம், தோலுரிக்க வேண்டாம், கழுவித் துடைத்து ஃப்ரீஸரில் போட்டால் போதும். பிறகு குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். குழம்புக்கும் சாஸுக்கும் நன்றாக இருக்கும், பச்சையாகச் சாப்பிட ஆகாது.

பீன்ஸ், பட்டாணி அப்படி இல்லை. கொதிக்கும் தண்ணீரில் பீன்ஸை 3 நிமிடம், பட்டாணியை ஒன்றரை நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, ஈரம் போக உலர்த்தி அப்புறம் உறைய வைக்க வேண்டும். நொதிகள் உறைந்த நிலையிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். வெந்நீரில் காட்டாமல் வைத்தால் சில வாரங்களிலேயே நிறம் மங்கி, வைக்கோல் வாடை அடிக்கும்.

பாட்டிலில் அடைப்பதைப் பற்றிக் கேட்டதற்கு இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைக்கும் உணவில் போட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு உண்டு, உயிருக்கே ஆபத்து, கெட்டுப்போன வாசனை வர வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. தக்காளி சரியாக அந்த எல்லையில் நிற்பது, சில பழங்கள் அதைத் தாண்டிவிடும். அதனால் அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும், அதுவும் கடையில் பாட்டிலில் விற்கும் சாறு, ஏனென்றால் அதில் புளிப்பின் அளவு மாறாமல் இருக்கும். சேர்த்த பிறகு மூடிய பாட்டிலை, நம்பகமான செய்முறையில் சொன்ன நேரம் முழுக்கக் கொதிநீரில் வைத்தெடுக்க வேண்டும். பீன்ஸ், சோளம், கேரட் மாதிரி புளிப்பில்லாத காய்களை அதற்கென்று இருக்கும் அழுத்தப் பாத்திரம் (பிரஷர் கேனர்) இல்லாமல் அடைக்கவே கூடாது. சந்தேகமாக இருந்தால் ஃப்ரீஸர்தான் நல்லது.

முட்டைக்கோஸ் கொட்டிக் கிடக்கும்போது உப்புப் போட்டுப் புளிக்க வைப்பது சுலபம். ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு, நன்றாகப் பிசைந்தால் விடுகிற தண்ணீரே அதை மூடப் போதும். தண்ணீருக்கு மேலே துண்டுகள் தலை நீட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பனிக்கூழ்:

நான் உறைபனி விழும் ஊரில் இருக்கிறேன், இங்கே குளிர்காலச் சந்தை என்றால் பலரும் "அங்கே என்ன கிடைக்கும்" என்று கேட்கிறார்கள். எனக்கு அதுதான் வருடத்திலேயே பிடித்த சந்தை.

குளிர் விழுந்த பிறகு பிடுங்கிய கேரட்டை ஒரு தடவை கடித்துப் பாருங்கள். சில செடிகள் குளிர் வந்ததும் தன்னிடம் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், சர்க்கரை கரைந்த நீர் சீக்கிரம் உறையாது என்பதால் அது செடிக்குப் பாதுகாப்பு. கேரட், கேல் என்ற கீரை, களைக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ்) எல்லாம் அந்தக் காலத்தில் தனி இனிப்பு. கோடையில் வாங்கின அதே வகைக் கேரட்டோடு ஒப்பிடவே முடியாது.

பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே குறைந்துவிட்டால் பாலித்தீன் கூடாரத்துக்குள்கூட கீரை வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் இலையுதிர் காலத்திலேயே வளர்த்து முடித்து, குளிர் முழுக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு வருவார்கள். இருப்பு அவ்வளவுதான், தீர்ந்தால் தீர்ந்தது. குளிர்காலத்தில் கீரை வேண்டும் என்றால் சந்தை திறந்ததும் போய் நிற்க வேண்டும், மதியம் போய்ப் பயனில்லை.

முட்டைக்கும் இதே கதை. கோழி நன்றாக முட்டையிட நாளுக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். செயற்கை விளக்கு போடாமல் வளர்ப்பவரிடம் குளிர்காலத்தில் முட்டை குறைவதும், விலை கொஞ்சம் கூடுவதும் இயல்பு. வருடம் முழுக்க ஒரே அளவு கிடைத்தால்தான் எப்படி வளர்க்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

பூசணி வாங்கும்போது காம்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காம்பு உடைந்த இடம் வழியாகத்தான் அழுகல் நுழையும். முழுக் காம்போடு, நகம் இறங்காத கெட்டித் தோலோடு இருந்தால் 10 - 13 டிகிரியில் மாதக்கணக்கில் இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை:

இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் சந்தையில்தான் வாங்குவேன் என்ற பிடிவாதம் வேண்டாம். பிடிவாதம் பிடிப்பவர்கள்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், கேள்வி கேட்டவருக்கு நேர்வதும் அதுதான் என்று நினைக்கிறேன். வரத்து இல்லாத வாரத்தில் கீரையும் முட்டையும் மட்டும் சந்தையில் வாங்கிவிட்டு மற்றதை வெளியே வாங்குங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. போவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

விவசாயியா வியாபாரியா என்ற கேள்விக்கு: மேசையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். விளைவிப்பவரிடம் சில பொருள்கள் ஏராளமாகவும் பல பொருள்கள் இல்லாமலும் இருக்கும். ஒரே அளவு, ஒரே பளபளப்பு, கூடவே பக்கத்தில் எங்குமே விளையாத பழம், அட்டைப்பெட்டியில் வேறு முத்திரை என்றிருந்தால் வாங்கி விற்பவர். வாங்கி விற்பது குற்றமில்லை, பல சந்தைகளில் அனுமதியும் உண்டு, ஆனால் "எங்கள் தோட்டத்துக் காய்" என்று சொல்லி விற்கக் கூடாது. "எப்போது விதைத்தீர்கள், இன்னும் எத்தனை வாரம் வரும்" என்று கேளுங்கள். விளைவித்தவர் நின்று பேசுவார், அடுத்து என்ன வரப்போகிறது என்பதையும் சேர்த்தே சொல்வார். மற்றவர் பேச்சை மாற்றுவார். இயற்கை விவசாயம் என்று பலகை வைத்திருந்தால் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. இல்லாவிட்டால் பூச்சிக்கும் உரத்துக்கும் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

காயைப் பார்க்கவும் பழகுங்கள். வெண்டையின் நுனி பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் நார் ஏறிவிட்டது (ஆனால் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்க்காதீர்கள், ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்). கத்தரிக்காயின் தொப்பி பச்சையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். முட்டைக்கோஸைத் திருப்பி அடிக்கட்டையைப் பாருங்கள், வெட்டுவாய் வெளுப்பாக ஈரமாக இருந்தால் புதிது, பழுப்பேறி வெடித்திருந்தால் நாளாகிவிட்டது.

அப்புறம் கடைசி நேரத்தில் போனால் மலிவு என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அப்போது கிடைப்பது கெட்டியான காய்கள்தான், கீரையும் மென்மையான பழங்களும் அதற்குள் வெயிலில் வாடியிருக்கும்.

---

சந்தைப்பை:

கணக்குப்பிள்ளை சொன்னது சரி, "எல்லாமே" என்று ஆரம்பித்ததுதான் எங்களைச் சோர்வாக்கியது. இன்னும் ஒன்று விதைக்கூடையிடம். பேரம் பேசலாமா? வீட்டில் இதில் இரண்டு கட்சி இருக்கிறது. மழைக்காலத்தில் காய் குறைவாக இருக்கும்போது தெரிந்தவர்களுக்கு எடுத்து வைப்பீர்களா?

---

விதைக்கூடை:

பேரம் பேசுங்கள், ஆனால் அளவைக் கூட்டிப் பேசுங்கள். அரைக் கிலோவுக்கு விலை குறைக்கச் சொன்னால் எங்களுக்கு வருத்தமாக இருக்கும், விடியும் முன்னே பறித்து, தரம் பிரித்து, வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுவந்திருப்போம். "முழுக்கூடையும் எடுத்துக்கொள்கிறேன், என்ன விலைக்குத் தருவீர்கள்" என்றால் நாங்களே குறைத்துவிடுவோம், திரும்ப ஏற்றிக்கொண்டு போகிற வேலை மிச்சம். தக்காளி கொட்டுகிற நேரத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு பெட்டியைப் பிரித்துக்கொள்வது எல்லாருக்கும் லாபம்.

எடுத்து வைப்பேனா என்றால், வைப்பேன். மழைக்காலத்திலும் முகம் காட்டுகிறவர்களுக்குக் கட்டாயம் வைப்பேன். முந்தின நாள் மாலை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பறிக்கும்போதே தனியாக ஒதுக்கிவிடுவேன், எனக்கும் எவ்வளவு பறிப்பது என்று கணக்குத் தெரியும். பறித்து விற்காமல் போகிற கீரையைப் போல மனசுக்குக் கஷ்டம் வேறெதுவும் இல்லை. இன்னும் பெரிய உதவி ஒன்று இருக்கிறது: விதைக்கிறதுக்கு முன்னால் சொல்லுங்கள். "இந்த வருடம் அவரை வாரம் ஒரு கிலோ எடுப்பேன்" என்று பத்துப் பேர் சொன்னால் நான் ஒரு பாத்தி அவரையை நம்பிப் போடுவேன். சொன்ன வாரத்தில் வர முடியாவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

---

பனிக்கூழ்:

இதோடு ஒன்று சேர்க்கிறேன், இன்னும் யாரும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் மொத்தமாக வாங்கினால் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை விடுகிற ஈரத்தில் வெங்காயம் அழுகும். இரண்டுக்கும் காற்றோட்டம் வேண்டும், உருளைக்கு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையாகிவிட்ட இடத்தைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், அங்கே சோலனின் என்ற நச்சு கூடியிருக்கும், முழுக்கப் பச்சையாகிவிட்டால் கிழங்கையே தூக்கிப் போட்டுவிடுங்கள். உருளையை ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும். 7 முதல் 10 டிகிரி இருக்கும் இருட்டான இடம் கிடைத்தால் சாக்கில் போட்டு வைக்கலாம். அப்படி இடம் இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், மீதி விவசாயியின் கிடங்கிலேயே இருக்கட்டும்.